சீட்டைக் கிள்ளிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

ஆம்பூர் ஷூ கம்பெனியிலேயே வேகமாக ஓடுகிறவன் நான்தான். சும்மா சொன்னேன், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கவே எனக்கு மூச்சு வாங்கும்.

"சர்க்கரை ஜாஸ்தியாவுது. உடம்ப அசைக்கலன்னா ஊசிதான்" என்றார் டாக்டர்.

ஊசிக்குப் பயந்து, வீட்டிலேயே நின்ற இடத்தில் மிதிக்கிற, இன்டர்நெட்டில் இயங்கும் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கப் போனேன். தோல் வெட்டுகிற கை சும்மா இருக்குமா? சீட்டைக் கிள்ளிப் பார்த்தேன். அசல் தோல். வேறெதுவும் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

நெட் இல்லாமல் அது ஓடாதாம். மாதனூரில் எங்கள் வீட்டுக்குள் சிக்னலே வராது.

"சீட்ட மட்டும் கயட்டி செவுத்துல மாட்டி வச்சிக்க" என்றாள் மனைவி.

வாசலில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அங்கேயே போட்டு மிதித்தேன்.

"இன்னா தோஸ்து, நின்ன எடத்துலயே ஒடுகத்தூர் வந்துடுச்சா?" என்று தெருவே கேட்டது. ஆனாலும் சர்க்கரை இறங்கிவிட்டது.

இப்போது யார் இதை வாங்கப் போனாலும் கூடவே போய், நெட்டை நிறுத்திவிட்டு மிதித்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் இன்னொரு விஷயம்...

"யோவ், அதுமேல குந்திகினு இன்னா எழுதற? எறங்கு, நான் மிதிக்கணும்" என்கிறாள் மனைவி.