கப்பல்காரர் வீட்டு உருளைக்கிழங்கு

ஷாஜாதிக்கு வாய் நீளம். இது நான் சொல்லித்தான் மாமல்லபுரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மீன்காரி பொன்னி மற்ற வீடுகளில் கூடையை இறக்கியதும் வெற்றிலை போட உட்காருவாள். ஷாஜாதி வாசலில் மட்டும் கேட்பதற்கு முன்பே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்திய கண்டக்டரோடு சண்டை பிடித்து, பஸ்ஸையே பின்னால் வரவழைத்தவள் அவள். தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்த என்னையும் விட்டதில்லை. புருஷனின் கடிதம் நாலு நாள் பிந்தினால், நான் அதை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்திருப்பது போலக் கேட்பாள்.

“இன்னா சாரக்கா, கப்பல் லெட்டரு நீஞ்சிகினு வருதா?”

என் பெயர் சாராள். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியவர். நான் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவள். அதனால் எனக்கும் கொஞ்சம் திமிர் உண்டு. திமிர் பிடித்த இரண்டு பேர் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் ஒன்று வெட்டிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்வார்கள். நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. புருஷனைப் பார்த்து “போகாதீங்க” என்று சொல்ல அவளால் முடியவில்லை.

புருஷன் அப்துல் சுபஹான் அவளுக்குச் சொந்த அத்தை மகன். கல்யாணமான மூன்றாம் மாதமே, எழுபத்து மூன்றில், ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் ஸ்டூவர்டு வேலைக்கு ஏறிவிட்டார். சாப்பாட்டு மேஜை பார்ப்பது, தட்டு எடுப்பது, ஆபீசர்களின் அறையைக் கூட்டுவது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். கன்னத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கடல் காற்று என்றார், நாங்களும் நம்பினோம். வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் மெட்ராஸ் ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. அதே கப்பல் பம்பாய்க்கு வருகிறது, அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஆஜராகவும் என்று. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

“போகாதீங்கன்னு சொல்லேன்டி” என்றேன் அவளிடம்.

“சொல்லி நின்னுட்டாருன்னு வெச்சுக்க. நாளைக்கு ஒரு கொறன்னா, ‘உன்னாலதான் கப்பல வுட்டேன்’னு சொல்ல மாட்டாரா? அதுவும் அவருக்கு அந்தக் கப்பல் மேலதான் உசுரு கீது. கெழங்கு கெழங்குன்னு எப்டி உருகுறாரு பாத்தியா?”

உருகத்தான் செய்தார். கடைத்தெருவில் யார் நிறுத்தி, ‘பாய், கப்பல்ல இன்னா சாப்பாடு?’ என்று கேட்டாலும் பதில் உருளைக்கிழங்குதான். நானே நாலு தடவை கேட்டிருக்கிறேன்.

“ஸ்பீரோன்னு ஒரு கெழவரு, அவருதான் குக்கு. கெழங்க நீட்டு நீட்டா பெருசா அரிஞ்சி ட்ரேயில பரப்புவாரு. எலுமிச்சம்பழம் புழிஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு, ஆலிவ் எண்ணெ ஊத்தி, பாதி முழுவற மாதிரி தண்ணி வுட்டு ஓவன்ல தள்ளிடுவாரு. தண்ணி மொத்தத்தையும் கெழங்கு குடிச்சிடும் சாரக்கா. மேல மொறுமொறு, உள்ள வெண்ண. ஓமம் மாரி வாசனையா ஒரு காஞ்ச எல தூவுவாரு. சாப்பாட்டுக்கு சைடுலதான் வெப்பாங்க. ஆனா அதுக்கு ஈடு இல்ல.”

இதைக் கேட்கக் கேட்க ஷாஜாதியின் முகம் சுண்டும். பெண்டாட்டி வைக்கிற மீன் குழம்பைப் பற்றி இப்படி ஒரு நாளாவது பேசியிருப்பாரா? கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கிழங்குதான் இழுக்கிறது என்றால் அதை இங்கேயே சுட்டுக் கொடுத்துவிட்டால் போயிற்று. ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டு ஒரு மூட்டைக் கிழங்கைச் சுடக் கிளம்பிய ஒருத்தியை நான் அப்போதுதான் பார்த்தேன். சொல்லவும் சொன்னேன். “நீ வாய மூடு, ஓமவல்லி எல குடு” என்றாள்.

ஓமவல்லி என் யோசனை. என் வீட்டுக் கிணற்றடியில் அது காடாக மண்டிக் கிடந்தது. முதல் தடவை பச்சையாகவே நறுக்கிப் போட்டு, கடலை எண்ணெய் விட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தேக்சாவை ஏற்றி, பிரியாணிக்குப் போடுவது போல மூடியைச் சுற்றி மாவு ஒட்டி தம் போட்டாள். திறந்து பார்த்தால் மசியல். ருசி பார்த்தேன். சளி பிடித்த குழந்தைக்குக் கொடுக்கிற கஷாயத்தில் உருளைக்கிழங்கு விழுந்துவிட்டது போல இருந்தது. அவள் மாமியார் பதருன்னிசா ஒரு வாய் வைத்துவிட்டு, “யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

“எண்ணெ அந்த எண்ணெ இல்ல. அதான்” என்றாள் ஷாஜாதி.

அந்தக் காலத்தில் ஆலிவ் எண்ணெய் எங்கே விற்றார்கள்? மளிகைக் கடையிலா? இங்கிலீஷ் மருந்துக் கடையில்தான். பிறந்த குழந்தைக்குத் தேய்க்க, சின்னச் சின்னப் பாட்டிலில். இவள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போய், ஒரே மருந்துக் கடையில் ஐந்து பாட்டில் கேட்டிருக்கிறாள். கடைக்காரர், “ரெட்டைக் குழந்தையாம்மா?” என்று விசாரித்தாராம். அதே கடையில் எங்கள் தெரு வரலட்சுமி இருமல் மருந்து வாங்கிக்கொண்டு நின்றாள். மாலை பஸ்ஸில் ஷாஜாதி வந்து இறங்குவதற்குள், அவள் மாசமாக இருக்கும் செய்தி முந்தின பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது. பதருன்னிசா வாசலிலேயே நின்று மருமகளின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

ஷாஜாதி இல்லை என்று சொல்லி ஓய்ந்தாள். யாரும் நம்பவில்லை. கடைசியில், “வரும்போது வரட்டும், எண்ணெ ரெடியா கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பாட்டில்களை அடுக்கிக்கொண்டு சிரித்தாள், ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது. புருஷன் நாலாயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்டால் குழந்தை தபாலிலா வரும்?

ஓமவல்லியை இரண்டு நாள் வெயிலில் சருகாகக் காய வைத்து நொறுக்கினோம். கூட ஒரு சிட்டிகை ஓமம். வாசனை கிட்டத்தட்ட அதுதான் என்றார் அப்துல் சுபஹான். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. மிச்சம் இருந்தது ஓவன். அதற்கு நான் இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எங்கள் ஆட்கள் கேக் மாவைத் தட்டில் ஊற்றிக்கொண்டு கியாசுதீன் பாய் பேக்கரிக்குத்தான் போவோம். காலை ரொட்டி இறக்கியதும் செங்கல் அடுப்பில் சூடு அப்படியே நிற்கும். அதில் எங்கள் கேக்கைச் சுட்டுக் கொடுப்பார். அந்த உரிமையில் கேட்டேன். கப்பலுக்கு ஆஜராக இரண்டே நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையோடு நான் ஒரு பக்கமும் ஷாஜாதி ஒரு பக்கமுமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தோம்.

கியாசுதீன் பாய் தட்டைப் பார்த்தார். எலுமிச்சைத் தண்ணீரில் மூன்று கிலோ கிழங்கு மிதந்துகொண்டிருந்தது.

“இன்னாம்மா இது? என் அடுப்புல கொழம்பு வெக்கறீங்களா?”

“உள்ள தள்ளுங்க சாச்சா.”

“பூண்டு வாசன நாளைக்கு பன்னுல ஏறிடும்மா. டீயில முக்கித் தின்றவன் என்னத் திட்டுவான்.”

“நல்லாத்தான் இருக்கும், தள்ளுங்க.”

அரை மணி கழித்து நீளத் துடுப்பால் தட்டை வெளியே இழுத்தார். தண்ணீர் பாதி அப்படியே இருந்தது. கிழங்கு வெந்து வெளுத்துக் கிடந்தது. வெந்துபோச்சு, எடுத்துகினு போங்க என்றார். ஷாஜாதி ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி தள்ளச் சொன்னாள். இன்னும் அரை மணி. பாய் முணுமுணுத்தார். ரொட்டிக்கு இருபது நிமிஷம் என்று உலகத்துக்கே தெரியுமாம். அப்புறம் முணுமுணுப்பு நின்றது. அடுப்பு வாயிலிருந்து ஒரு வாசனை வந்தது. எலுமிச்சை சுண்டி, பூண்டு சிவந்து, எண்ணெயில் கிழங்கு பொரிகிற வாசனை. யாரும் சொல்லாமல் பாயே துடுப்பைப் போட்டு இழுத்தார். தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓரமெல்லாம் பொன் நிறம், அடி நல்ல சிவப்பு. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, சுட்டுக்கொண்டு, “யா அல்லா” என்றார். பிறகு இன்னொன்றும் எடுத்தார். அடுப்புக் கூலி என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டில் ஆட்டுக்கறி மிளகு வறுவல் தயாராக இருந்தது. கப்பலில் இதற்கு ஜோடி என்ன என்று அவள் முன்பே விசாரித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிதான் என்று அப்துல் சுபஹானும் சொல்லியிருந்தார். கடிதங்களிலும் அதுதான் வரும். ‘இங்கே வாராவாரம் முழு ஆடு சுடுகிறார்கள்’ என்று எழுதுவார். கவுன்டரிலேயே பிரித்து எனக்கும் படித்துக் காட்டுவாள்.

அவர் பாயில் உட்கார்ந்தார். நான் கதவோரம். ஷாஜாதி ஒரு தட்டில் கிழங்கை எடுத்து முன்னால் வைத்ததும் அவர் முகம் மாறியது. ஒரு துண்டை எடுத்துப் பிட்டார், ஆவி வந்தது. வாயில் வைத்தார்.

“அதேதான்” என்றார். “அப்டியே அதேதான், ஷாஜாதி.”

 குனிந்த தலை நிமிராமல் தட்டில் இருந்ததையெல்லாம் தின்றார். கடைசித் துண்டால் தட்டில் ஒட்டியிருந்த எண்ணெயையும் வழித்துத் தின்றுவிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டார். கறிச் சட்டி மூடியே திறக்கவில்லை.

“மச்சான், கறி அப்டியே கீதே. ஏன் எழுந்துட்டீங்க?”

அவர் ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தார். “அட, மறந்தே பூட்டேன். அங்க இதோட முடிஞ்சிடும்ல.”

“இதோட முடியுமா? வாராவாரம் ஆடு சுடுறாங்கன்னு எழுதினீங்களே.”

“சுடுவாங்க.”

“நீங்க?”

அவர் துண்டைத் தேடினார். அவள் விடுகிற ஆளா?

“நீங்க தின்னீங்களா, இல்லியா?”

“ஹலால் பண்ணாத கறிய நான் எப்டித் தின்னுவேன்? மீனு எப்பவாவது போடுவாங்க. மத்த நாளு ரொட்டி, முட்ட, அவரக்கொட்ட. மொதல்ல அந்தக் கெழங்குகூட தொட முடியாது, கறியோட ஒரே ட்ரேயில வேவும். நாலு மாசம் கழிச்சி நான் வெறும் ரொட்டி துன்றத அந்தக் கெழவரு பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. அடுத்த ஞாயித்துக்கெழமலேர்ந்து எனக்கு மட்டும் தனி ட்ரே. அத மேஜை மேல கொண்டாந்து வெச்சி, என் முதுவுல ஒரு தட்டு தட்டுவாரு. எனக்குன்னு ஒருத்தரு சமைச்சது அங்க அது ஒண்ணுதான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் வாயைப் பிளந்து கேட்ட கப்பல் விருந்து, மற்றவர்கள் தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்ட கிழங்கு. அதைத்தான் இந்த மனுஷன் வாரத்தில் ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார். கன்னத்துப் பள்ளத்தைக் கடல் காற்று என்று நம்பிய என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“எழுதியிருக்கலாம்ல?” என்றாள் ஷாஜாதி.

“எழுதுனா நீ சோறு துன்னுவியா? அப்புறம், நீதான் எல்லார்கிட்டயும் கப்பல்காரன் பொண்டாட்டின்னு பெருமையா கீறேன்னு அம்மா எழுதுனாங்க. நீ ஒரு நாளாவது போவ வேணான்னு சொன்னியா? நீயே சொல்லல, நான் எந்த மூஞ்ச வெச்சிகினு வூட்ல குந்துறது?”

“போவாதீங்க” என்றாள் ஷாஜாதி.

கத்தித்தான் சொன்னாள். வரலட்சுமி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். “போவாதீங்க மச்சான். கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு வருஷமா தொண்டையில வெச்சிகினு கீறேன். போவாதீங்க.”

 அப்துல் சுபஹான் கழுவிய கையோடு வந்து மறுபடி பாயில் உட்கார்ந்தார்.

“கறி போடு” என்றார்.

மறுநாள் காலை கவுன்டரைத் திறந்ததும் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஏஜென்டுக்குத் தந்தி கொடுக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். உடம்பு சரியில்லை என்று போடட்டுமா, எல்லோரும் அதைத்தான் போடுவார்கள் என்றேன்.

“என் ஒடம்புக்கு இன்னா கேடு? பொண்டாட்டி போவ வேணான்னு சொல்லிட்டா, அதனால வரல. அப்டியே போடுங்க சாரக்கா.”

அப்படியே போட்டேன். ஷாஜாதி அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்து, தமிழிலும் சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது, பின்னால் மணியார்டர் கட்ட நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, முக்காட்டை இழுத்துக்கூட மூடாமல் அழுதாள்.