நிறைந்தபடியே வீடு திரும்பிய தண்ணீர்ப் போத்தல்கள்

நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, மரக்கறி விற்ற பெண் என் கையைப் பிடித்தாள். நான் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எங்களிடம் படித்தவள். "மிஸ், எங்கடை பவளராணி ரீச்சர் விடியக்காலமை செத்துப் போனாவாம்" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ரீச்சரைக் கணித ஆசிரியையாகத் தெரியும். கணக்குக் கொப்பியைவிடப் பிள்ளைகளின் பையைத்தான் அதிகம் கிண்டுவா என்று அவரைப் பகிடி பண்ணுவோம். ஒரு பங்குனி வெயிலில், கடைசிப் பாடவேளையில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தலில் ஒரு மிடறும் குறையவில்லை. மற்றப் பெண்பிள்ளைகளின் போத்தல்களையும் ரீச்சர் எடுத்துப் பார்த்தார். எல்லாம் நிறைந்தே இருந்தன. ஏன் குடிப்பதில்லை என்று கேட்டதற்கு, குடித்தால் போகவேண்டி வரும் என்று ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

போவதற்கு இடம் இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். பழைய கழிவறையின் கதவு உக்கிப்போய்க் கிடக்க, பக்கத்திலேயே வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் கட்டித் தந்த புதுக் கழிவறைகள் மாபிள் பதித்து மினுங்கின. அவர்கள் ஆவணியில் வந்து நாடா வெட்டும்வரை ஊத்தைபடக் கூடாதென்று அதிபர் அவற்றைப் பூட்டி வைத்திருந்தார். கெட்ட மனிதரல்ல. மாபிளைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குப் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் ரீச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை.

"அப்ப எங்கடையையும் பூட்டுவம் சேர். ஒரு நாளைக்கு நாங்களும் அடக்கிக்கொண்டு படிப்பிச்சுப் பாப்பம்."

மறுநாள் ஆசிரியர் கழிவறையின் சாவி அவருடைய சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டிருந்தது. இடைவேளைக்குத் தேநீர் குடித்த உப அதிபர், அடுத்த பாடம் முடியுமுன்பே விறாந்தையில் உலாத்தத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அதிபரும் சேர்ந்துகொண்டார். இருவரும் சாவி கேட்டு வந்தபோது ரீச்சர் கரும்பலகையை விட்டுத் திரும்பவில்லை. முதலில் பிள்ளைகளுடையது என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடம் விடுமுன் புதுக் கழிவறைகள் திறந்துவிட்டன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆவணியில் விருந்தினர் வந்தபோது தரை ஈரமாகக் கிடந்தது. சுவரில் யாரோ பேனையால் பூவும் கீறியிருந்தார்கள். அதிபரின் முகம் செத்துப்போனது. ரீச்சர் முன்னுக்குப் போய், "பாவிக்கத்தானே தந்தனீங்கள், பாவிக்கிறம்" என்றார். வந்தவர்களில் மூத்தவர், இன்னுமொரு குழாய் வேண்டுமா என்று கேட்டார்.

"ரண்டு" என்றார் ரீச்சர்.

அவரை அறிந்தவர்களே, அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரு பழக்கம். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தாலும், கையொப்பம் வைத்த கையோடு பெண்பிள்ளைகளின் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பேன். அது சரியாக விழாவிட்டால் நேரே அதிபரின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆள் வந்து திருத்தும்வரை எழும்புவதில்லை.