மூன்று பூட்டுப் பெட்டி

பிடிக்குள் இறுக்கிய பித்தளைச் சாவியின் பல்லை அரம் ஒரு தடவை தேய்த்தது. விரல் தொட்டுப் பார்த்தது. மறுபடி அரம். பூட்டுக்குள் விட்டுத் திருப்பியபோது சாவி கொஞ்சம் முனகியது. இன்னும் ஒரு தேய்ப்பு. இந்த முறை சத்தமில்லாமல் திரும்பியது. எங்கள் மில் குடியிருப்பின் பூட்டக்காவை நினைத்தால் அந்தக் கைகள்தான் முதலில் கண்ணில் நிற்கின்றன.

கணவர் இறந்த பிறகு மில் வாசலில் அவளுக்குக் கடை போட இடம் வாங்கிக் கொடுத்தது அவளுடைய அண்ணன். குடியிருப்புச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். வருடா வருடம் தேர்தலில் கை தூக்கச் சொல்வார்கள். அவர் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தூக்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதை மாற்றியவை ஞாயிற்றுக்கிழமை மாலைகள். அப்படிப்பட்ட மாலைகள் பிறகு எங்களுக்கு வாய்க்கவே இல்லை. சங்க அறையில் தையல்காரர் மொழிபெயர்ப்புப் புத்தகங்களை உரக்கப் படிப்பார். எப்போதோ, எங்கோ, அரசர்களுக்குப் பயந்து பெயரை மறைத்துக்கொண்டு சிலர் எழுதியவை. ஆள்பவருக்கு அதிகாரம் வானத்திலிருந்து வரவில்லை, ஆளப்படுகிறவர்கள் கொடுத்தது என்று ஒரு நாள் படித்தார்.

"அப்போ என் மாமியாருக்கு யாருய்யா கொடுத்தது?" என்றார் முடிதிருத்துபவர். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சட்டம் போடுவதும் நடத்துவதும் நியாயம் சொல்வதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற பக்கத்தைப் பூட்டக்கா மறுபடி படிக்கச் சொன்னாள்.

அந்த வருடம் ரகசிய ஓட்டு என்று முடிவாயிற்று. பெட்டி செய்யும் வேலை அவளுக்கு. பெட்டிக்கு மூன்று பூட்டு போட்டாள். ஒரு சாவி தலைவருக்கு, ஒன்று அவரை எதிர்த்து நின்ற நூற்புப் பிரிவுப் பெண்ணுக்கு, ஒன்று ஓட்டு எண்ணப்போகும் தையல்காரருக்கு. மூன்றும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும்.

தேர்தலுக்கு முந்தின நாள் அண்ணன் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, மூணையும் திறக்குற மாதிரி எனக்கு ஒரு சாவி போட்டுக் குடு. யாராவது தொலைச்சிட்டா?"

"எல்லாரும் பார்க்க உடைச்சுக்கலாம்."

"நான் திருடுவேன்னு நினைக்கிறியா?"

"நீ மாட்டே அண்ணா. உனக்கப்புறம் அந்த நாற்காலியில யார் உட்காருவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"கடைக்கு இடம் கேட்டு வந்தப்போ இந்த நியாயம் எல்லாம் எங்க போச்சு? இனிமே உன் வீட்டுப் படி ஏற மாட்டேன், பார்த்துக்கோ."

அவள் தலை குனிந்து அரத்தைத் துடைத்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு அவர்தான்.

கிளம்பியவர் சுவரைப் பார்த்து நின்றார். தொலைத்துவிட்டு வருபவர்களுக்காக எல்லாச் சாவிக்கும் ஒரு மாதிரி எடுத்து வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். புதிய மூன்றின் மாதிரிகளும் ஆணியில் தொங்கின.

"எனக்கு ஒண்ணுதான். உனக்கு மட்டும் மூணா? நல்லா இருக்கே மகாராணி!"

அவள் ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை சங்க அறையில் பெட்டியை மேசைமேல் வைத்தாள். பக்கத்திலேயே இரும்புக் கட்டையைப் போட்டு, மூன்று மாதிரிகளையும் சுத்தியலால் தட்டையாக்கினாள்.

"தொலைச்சிட்டு என்கிட்ட வந்து நிக்காதீங்க. இனி என்னாலயும் முடியாது."

பெண்ணும் தையல்காரரும் ஆளுக்கொரு சாவியை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதை நீட்டியபோது அண்ணன் நசுங்கிய பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஓட்டு எண்ணி முடிச்சதும் வீட்டுக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அவள் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.