கரண்டு போன பிறகு படத்தில் நடந்தது

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சம்சாரம் கட்டிலில் சாய்ந்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, போனில் ஒரு படத்தைப் பார்த்து முடித்தாள். எப்படி இருக்கு என்று கேட்டேன். "நல்லாருக்கு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்கெல்லாமா ஒரு மனுஷன் பதறுவான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பாண்டீஸ்வரி ஒரு படத்தை நல்லாருக்கு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தை அவளுக்கு ஆகாமல் இருந்ததால்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது.

அவள் தலையிலிருந்து வாடின மல்லிகை வாசம் வந்தது. அந்த வாசம் வந்தால் எனக்குப் பட்டாசுக் கம்பெனி வேன்தான் ஞாபகம் வரும். திங்கட்கிழமைக் காலை வேனில் நேற்று வைத்த பூ, தூக்குச் சட்டிப் புளிச்சாதம், எந்தச் சோப்புக்கும் போகாத வெடிமருந்து நெடி எல்லாம் கலந்து அடிக்கும். அதில் உட்கார்ந்துதான் நாங்கள் சினிமாவைக் கிழிப்போம்.

அப்போது ஊருக்கு ஊர் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் ஓடும். எங்கள் ஊர் ஆனைக்குட்டத்தில் இடைவேளை வருகிற நேரத்துக்குப் பொட்டென்று அணைந்துவிடும். திருத்தங்கலுக்கு அப்போதுதான் கரண்டு வரும். ஆக நாங்கள் முதல் பாதி, அவர்கள் இரண்டாம் பாதி. மறுநாள் வேன் திருத்தங்கலில் நின்று அவர்களை ஏற்றின பிறகுதான் படம் முழுசாகும். ஆறாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. நாலு பேர் மத்தியில் நான் வாய் திறந்தது அந்த முன்கதை சொல்வதற்கு மட்டும்தான். அதனால் வேனில் எனக்குப் பேரே மொதப்பாதி. பின்கதை திருத்தங்கலில் ஏறுகிற பாண்டீஸ்வரியின் பொறுப்பு.

எனக்குத் தெரிந்த கதாநாயகர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு வயலில் பாடுகிறவர்கள். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் ரத்தம் ஒழுகக் குடோனில் கிடக்கிறவர்கள்.

"என்ன மொதப்பாதி, நேத்து ஒங்காளு என்ன செஞ்சாரு?"

"திருவிழாவுல அந்தப் பிள்ளையப் பாத்தாரு. அவுக அப்பா காலத் தொட்டுக் கும்பிட்டாரு. அருமையான மனுசன்."

"அந்த அருமையான மனுசன்தான் பெறகு அதே அப்பனக் குடோன்ல கட்டி வச்சு அடிச்சாரு. சுத்தி அம்புட்டு அட்டைப்பெட்டி, நடுவுல நின்னு சிகரெட்டப் பத்த வைக்காரு! நம்ம போர்மேன் பாத்திருந்தா செவுட்டுல ஒண்ணு விட்டிருப்பாரு. இவன்லாம் ஒரு கதாநாயகன்!"

வேனே குலுங்கும். டிரைவர் அண்ணன் திரும்பாமலே கேட்பார், "ஏலே, நீங்க ரெண்டு பேரும் பாத்தது ஒரே படந்தானாலே?"

கடைசியில் அவள் தீர்ப்பு சொல்வாள்: "நமுத்த சரக்கு." பற்ற வைத்தும் வெடிக்காத பட்டாசுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அவளிடம் எந்தப் படமும் வெடித்ததில்லை. அதைக் கேட்பதற்காகவே வாரம் பூராவும் காத்துக் கிடப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. பொண்ணு பார்க்க வந்திருக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதாம். அவன் முழுப்படம் பார்க்கிறவன். என்னிடம் என்ன இருக்கிறது, அரைப்படம்! அன்றைக்கு ஒரு லோடு பெட்டிக்கும் லேபிளைத் தலைகீழாக ஒட்டினேன். "நேரா ஒட்டுனா மட்டும் ஒனக்கு வாசிக்கத் தெரியுமாக்கும்" என்றார் போர்மேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஏறியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன மொதப்பாதி, பேச்சக் காணோம்?"

"ஒங்களுக்குத்தான் முழுப்படம் கெடைச்சாச்சே."

"அட போங்க. ஞாயித்துக்கெளம போட்ட படம் எப்படின்னு அவருகிட்ட கேட்டேன். முழுசாப் பாத்திருக்காரு. பாத்துட்டு, நல்லாருக்குங்காரு. அந்தக் குப்பைய! அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அந்த ஆளுகூட எப்படி ஒரு ஆயுசு ஓட்ட? வேண்டாம்னு சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தணித்து, "சரி, அதுல மொதல்ல என்ன நடந்துச்சு? சொல்லுங்க" என்றாள்.

கம்பெனி வாசல் வரைக்கும் சொன்னேன். அந்த வருஷமே கல்யாணம். சீர்வரிசையில் இன்வெர்ட்டர் இல்லை.

இப்போது கரண்டு போவதில்லை. வேனும் அதே வழியில்தான் போகிறது. ஆனால் கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைக்கிற வரைக்கும் ஆளாளுக்குக் காதில் வயர். ஒருத்தர் பார்க்கிறதை இன்னொருத்தர் பார்க்கிறதில்லை. போனைத் திறந்தால் எவனோ ஒருத்தன் நாற்காலியில் சாய்ந்து படத்துக்கு மார்க் போடுகிறான். என் பரீட்சைத் தாளுக்கு வாத்தியார் போட்டதே தேவலை, அவராவது திட்டிவிட்டுப் போட்டார். மொதப்பாதி என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை.

"நல்லாருக்குன்னா, என்ன கதை?" என்று பாண்டீஸ்வரியைக் கேட்டேன்.

ஒரு காது வயரை மட்டும் எடுத்தாள். "லிங்க் அனுப்புதேன், நீங்களே பாருங்க."

ஒரே கட்டில், ஒரு முழம் தூரம். என் போன் டிங் என்றது.

போட்டுப் பார்த்தேன். கதாநாயகன் வயலில் பாடினான், யார் காலிலோ விழுந்து கும்பிட்டான். வழக்கம்போல அருமையான மனுஷன். சரியாகப் பாதியில் நிறுத்தினேன்.

"ஏட்டி, பெறகு என்ன ஆச்சு?"

அவள் அடுத்த படத்துக்குப் போயிருந்தாள்.