முதுகு காட்டி நின்ற பந்தல்

எங்கள் கல்யாணப் போட்டோ ஒன்றில் யார் முகமும் தெரியாது. பந்தல் நிறைய ஆட்கள்; அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் தெரிகிற வெள்ளைச் சட்டை ஜட்ஜ் ஐயாவுடையது. போட்டோக்காரர் தவறிப்போய் எடுத்தது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நானும் விளக்கியதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

ஐயா நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, பிறகு தேர்தலில் நின்று ஜெயித்தவர். சாட்சி சொல்ல வருகிற கூலியாட்களையும் ‘வாங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கோர்ட்டுச் சேவகர்களுக்கு உத்தரவு போட்டவர் என்பார்கள். அவருடைய நினைவுநாள் கூட்டங்களில், அவர் கொண்டுவந்த பள்ளிக்கூடத்தையும் சேரிக்குப் போட்டுத் தந்த தண்ணீர்க் குழாயையும் சொல்லிப் பேசுகிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த ஐயாவை எழுதத்தான் முடிகிறது.

நாங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். என் வீட்டுக்காரர் ஓரிக்கைச் சேரியில் பிறந்தவர். நாங்கள் பட்டு கொடுக்கிற சாயப்பட்டறையில் அவருக்கு வேலை. அண்ணனிடம் சொல்லத் தைரியமில்லாமல் நான் ஒருநாள் ஓரிக்கைக்கே போய்விட்டேன். புரோகிதர் இல்லாத கல்யாணமும் செல்லும் என்று சட்டம் வந்திருந்த புதிது. ஐயா தலைமையில் மாலை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

மாலையை எடுக்கும் நேரத்தில் அண்ணன் வந்து நின்றார். கூச்சல் போடவில்லை.

“எந்தங்கச்சிய மயக்கி இட்டுக்கினு வந்துட்டாங்கய்யா. அப்படி இல்லன்னு அது வாயால சொல்லட்டும், போயிடறேன். சொல்லலன்னா இப்பவே இட்டுக்கினு போவேன்.”

கேட்பது நியாயம்தான் என்று ஐயா என்னைப் பார்த்தார். பந்தலே பார்த்தது. எனக்கு வாய் திறக்கவில்லை.

“ஏம்மா, சாயப்பட்டறையில பேசிப் பேசி இவன வேல செய்ய வுடலியாமே, அந்த வாய் எங்க போச்சி?” என்றார் என் வீட்டுக்காரருடைய அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். இருந்த கொஞ்சம் குரலும் போயிற்று. தலையையாவது ஆட்டச் சொன்னார்கள். பயமுறுத்தினாலும் தலை ஆடும் என்று ஐயா அதை ஒப்பவில்லை. அண்ணன் என் கையைப் பிடிக்க வந்தார்.

ஐயா அவரை நிறுத்திவிட்டு, குனிந்து எனக்குக் காதைக் கொடுத்தார்.

“எல்லாரும் பாக்கறாங்கய்யா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் நிமிர்ந்து, எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி நிற்கும்படி தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார். முதலில் தானே திரும்பிக்கொண்டார். பந்தல் முணுமுணுத்துக்கொண்டே திரும்பியது. அண்ணன் கடைசியாகத் திரும்பினார். கூச்சப்படாதே என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. எனக்காகத் தானாகவே திரும்பி நின்றவர் அவர் ஒருவர்தான்.

அந்த முதுகுகளைப் பார்த்துச் சொன்னேன்: “யாரும் என்ன இட்டுக்கினு வரல. நானாத்தான் வந்தேன். இவரத்தான் கட்டிக்குவேன்.”

“கேட்டுதாப்பா?” என்றார் ஐயா.

“கேட்டுதுங்க” என்று அண்ணன் வெளியே நடக்கத் தொடங்கினார்.

“பொண்ணுக்கு மாலை எடுத்துக் குடுக்க அவங்க வீட்டு ஆள் யாரும் இல்லப்பா” என்றார் ஐயா.

அண்ணன் நின்றார். திரும்பி வந்து தட்டிலிருந்த மாலையை எடுத்தார். அதற்குள் எல்லாரும் பழையபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இத வூட்லயே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

“நீ மொறைச்சிக்கினே இருந்தியேண்ணா” என்றேன், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.