நான் வாசித்த வரி

என் நண்பன் ரமணன் ஜப்பானுக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம் நான். அது தன்னுடைய கவனக்குறைவு என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். நான்கு வருடங்களாக நான் அதைத் திருத்தவில்லை.

உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ தெருவில், என் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் குடியிருக்கவில்லை. அவன் குடியிருக்கிறான்.

பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்கு இத்தாலிய மொழியில் அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். "அவன் பாத்தாச் சரி" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது... தேவைக்கு மேலேயே பிடித்திருந்தது.

பயணத்துக்கு ஆசைப்பட்டவன் ரமணன். அவனுடைய தங்கை கணவனோடு தோக்கியோவில் இருந்தாள். இலங்கையில், வன்னியில் பிரிந்த பிறகு பதின்மூன்று வருடங்கள் அவன் அவளைக் காணவில்லை. துணைக்கு நானும் எங்கள் கூட்டாளி சுரேனும். மூவரும் வீட்டுவேலை செய்பவர்கள். சினோராமார், அதாவது வீட்டு எஜமானிகள், ஓகஸ்டில் கடற்கரைக்குப் போனால்தான் எங்களுக்கும் லீவு. இருப்பதில் மலிவான டிக்கெட்டை நான்தான் தேடி எடுத்தேன். வேறொரு ஐரோப்பிய நாட்டில் விமானம் மாறவேண்டும். மாற்றவோ திருப்பவோ முடியாத டிக்கெட்.

விசா கிடைத்த பிறகு ரமணனின் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அட்டை, காலாவதியானது. புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தான். கூடவே ஒரு விளக்கத் தாள். வாசித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது: ரசீதை வைத்துக்கொண்டு இத்தாலியை விட்டுப் போய் வரலாம், ஆனால் வேறு ஐரோப்பிய நாடுகளின் வழியாகப் போகக்கூடாது.

"எல்லாம் சரியோ மச்சான்?"

"ஓம், பிரச்சினையில்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? டிக்கெட்டைப் பிழையாக எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். இன்னும் இருபது நாட்கள் இருந்தன. ரோமிலிருந்து வளைகுடா வழியாக அவன் வேறு டிக்கெட் எடுத்திருக்கலாம். யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்று இருபது நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பார்த்தார்கள். புறப்பட்ட அன்று காலையில், பலெர்மோ விமான நிலையத்திலேயே. கவுண்டரில் ரசீதைப் பார்த்த பெண், இதோடு வேறு ஐரோப்பிய நாடு வழியாகப் போக முடியாது, விளக்கத் தாளிலேயே இருக்கிறது என்றாள். ரமணன் என் பக்கம் திரும்பினான்.

"நீ அந்தத் தாளை வாசிச்சனிதானே?"

"வாசிச்சனான்... நீ எல்லாத் தாளையும் தந்தனியோ?"

அவன் யோசித்தான். "ஒண்டை விட்டிட்டன் போலை" என்றான்.

பிறகு தன் பையைத் திறந்து, தங்கையின் மகளுக்கு வாங்கிய மஞ்சள் சட்டையை என்னிடம் தந்தான். "நீங்கள் போங்கோடா. அவள் வந்து காத்துக்கொண்டு நிப்பாள்." நான் போனேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

தோக்கியோவில் இறங்கியபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. வெளியே தங்கை நின்றாள். செய்தி தெரிந்தும் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்திருந்த சின்னப்பெண் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு "மாமா" என்றாள். சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

"அண்ணாவுக்கு என்ன நடந்தது?" என்று தங்கை கேட்டாள்.

"அவன் வடிவாக் கவனிக்கேல்லை, தங்கச்சி" என்றேன். சுரேன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் உண்மை தெரியாது.

சட்டை பிள்ளைக்குச் சிறிதாக இருந்தது. மாலையில் கடையில் வாங்கிய சோற்று உருண்டைகளைத் தின்றோம். எனக்கு ருசி தெரியவில்லை. மலிவு விடுதியில் மூன்று கட்டில்கள் பதிவு செய்திருந்தோம். மூன்றாவதில் என் பையை வைத்தேன்.

ரமணன் இன்னும் தங்கையைக் காணவில்லை. ஒரு வருடம் லீவு இல்லை, ஒரு வருடம் விசா இல்லை...

போன ஞாயிறு அவன் மேலே வந்தான். மறுபடியும் அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். அதே தாளை மேசையில் விரித்தான்.

"இந்தமுறை ஒரு வரி விடாமல் வாசி, மச்சான். நான் பக்கத்திலை இருக்கிறன்."

வாசித்தேன், தமிழில் சொல்லிச் சொல்லி. அந்த வரி வந்தது. அதையும் வாசித்தேன்.

"இதைத்தான் அண்டைக்கு உன்னட்டைக் காட்டாமல் விட்டிட்டன்" என்றான் ரமணன்.

நான் அடுத்த வரிக்குப் போனேன்.