சாய்ந்த கம்புகளும் ஏழாம் பிரிவும்

கம்பனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நின்று ஆராய்ச்சி ஒப்பந்தங்களை நடத்திக் கொடுப்பது என் உத்தியோகம். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிப் பழகியவர்களுக்கு அதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

நேரான கம்புகள்

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு நகர்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தோட்டத்தை நடத்தும் கம்பனி சம்மதித்தது, பல்கலைக்கழகம் சரிவு முழுக்கச் சிவப்புக் கம்புகளை நட்டது. மண் நகர்ந்தால் கம்பு சாயும், அவ்வளவுதான் கணக்கு.

மூன்று மாதம் கழித்து, ஆராய்ச்சியை நடத்தும் விரிவுரையாளரோடு போனேன். கம்புகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. அவர் நிம்மதியாக "அசைவில்லை" என்று எழுதப் போனார். பக்கத்தில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் சூசைக் கங்காணி நின்றார். தோட்டத்து மேலாளர் துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் எதுவும் கோணலாக நிற்கக்கூடாது என்பது அவர் பழக்கம். கம்பு எதற்கு என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாதது என் தப்பு. அவர் விரிவுரையாளரிடம் பெருமையாகச் சொன்னார்: "சாஞ்சு சாஞ்சு போச்சுங்க சேர். வாராவாரம் நான்தான் நிமித்தி வச்சேன்."

காவல்காரி

மறுபடி நட்டோம். இந்த முறை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும்படி, கீழ் லயத்தில் குடியிருக்கும் செல்வமேரியிடம் சொன்னோம். கொழுந்து எடுப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரே மாதத்தில் கம்புகள் சாய்ந்தன. மழைக்கு முன் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று விரிவுரையாளர் அறிக்கை கொடுத்தார்.

ஆனால் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவுப்படி, கம்பனி அனுமதிக்கும்வரை முடிவை யாருக்கும் சொல்லக்கூடாது. அதை எழுதியவள் நான். அனுமதி கேட்டேன், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். செல்வமேரி என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேட்டார்: "காவல் நாங்க இருக்கணும், கம்பு என்னா சொல்லுதுன்னு மட்டும் எங்களுக்குச் சொல்லக்கூடாதா மேடம்?"

காலைப் பெரட்டு

மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் தள்ளிப்போனது. மூன்றாம் நாள் பதுளையிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனேன். தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் அறிக்கையை வாசித்தேன். துரை தடுக்கவில்லை, தோட்டப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் கீழ் லயத்துக் குடும்பங்கள் அங்கே போய்விட்டன.

ஐந்தாம் நாள் மண் இறங்கி லயத்தின் பின்சுவரைத் தள்ளியது. உள்ளே யாரும் இல்லை. அதே வாரம் கம்பனி என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த செல்வமேரியிடம் அதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்: "வேலை போனா இங்கிட்டு வாங்க மேடம், பெரட்டுல பேரு போட்டுக்கலாம்."

நான் எத்தனையோ ஒப்பந்தங்கள் எழுதியிருக்கிறேன், அவற்றில் உருப்படியாக ஒரு பலன் தந்தது நானே மீறிய இந்த ஏழாம் பிரிவுதான்.